மதினி வெட்டி வைத்த கட்டில் விரிப்பு

என் அருமை மதினி ஹாஜராவுக்கு, ஸலாம்.

அந்த நீலத் துணியை நீங்கள் தவறுதலாக அப்படி மடித்தீர்களா, தெரிந்தே மடித்தீர்களா? கொஞ்ச நாளாக இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். எனக்குத் தெரியவில்லை. இனித் தெரியப்போவதுமில்லை. விடை தெரிந்த ஒரே ஆள் நீங்கள்.

நம் ஊரில் இறந்தவர்களை அடக்கும் மையவாடிக்குப் பெண்கள் போவதில்லை. போனாலும் அங்கே நின்று கதைக்கிற ஆள் நான் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். நீங்கள் பக்கத்தில் இருந்தபோதே அளந்துதான் கதைத்தேன். மகளிர் சங்கத்தின் மலருக்கு உங்கள் நினைவாக ஒரு பக்கம் கேட்டார்கள். "மர்ஹூமா ஹாஜரா அவர்கள் நற்பண்புகளின்..." என்று தொடங்கிப் பார்த்தேன். அது நீங்கள் இல்லை. கிழித்துவிட்டு இப்படி எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தால் படிக்கட்டும்.

முதலில் வீட்டுச் செய்தி. உங்கள் மகள் றிஸ்னாவுக்குக் கலியாணம் பொருந்திவிட்டது. மாப்பிள்ளைக்குப் பாலமுனை ஊர். வயலும் செய்கிறார், பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கவும் செய்கிறார். பெயர் தஸ்லீம். தங்கமான பிள்ளை என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் பார்த்தது கொஞ்ச நேரம்தான். தங்கமா என்று சொல்ல அது போதாது. தேத்தண்ணி குடித்துவிட்டுக் கோப்பையைத் தானே குசினிக்குக் கொண்டுபோய் வைத்தார். அதை மட்டும் குறித்துக்கொண்டேன்.

இன்னொன்று. சுனாமி வீட்டுத்திட்டத்தில் உங்கள் பெயருக்கு வந்த வீட்டின் திறப்புச் சாவி கிடைத்துவிட்டது. எத்தனை கூட்டத்துக்கு அலைந்தீர்கள், எத்தனை முறை "அடுத்த மாசம்" என்றார்கள். நீங்கள் போன பிறகு, ஒரு மழை நாளில், சாதாரணமாக ஒருவர் வந்து கையில் தந்துவிட்டுப் போனார். றிஸ்னா குடிபோகப்போவது அந்த வீட்டுக்குத்தான். நாளை மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வீடு பார்க்க வருகிறார்கள்.

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு வரி சொல்ல வேண்டும், மதினி, பொறுங்கள். நம் கரையில் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்குக் குடிவருவார். வீடு தாய் வழியாக மகளுக்கு. அதனால் கலியாணத்துக்கு முன் அவருடைய உம்மாவும் சாச்சிமாரும் வந்து, மகன் வாழப்போகிற வீட்டையும் அறையையும் கட்டிலையும் பார்த்துவிட்டுப் போவார்கள். சிரித்துக்கொண்டேதான் பார்ப்பார்கள். ஆனால் பார்ப்பார்கள்.

சம்பந்தம் பேச வந்த அன்றே மாப்பிள்ளையின் உம்மா என் வீட்டு மண்டபத்தில் உட்கார்ந்து கேட்டுவிட்டார். நல்ல அகலமான மனுஷி. கதையும் அகலம்.

"குறை நினைக்காதீங்க டீச்சர். புள்ளைக்கு வாப்பாவும் இல்ல, உம்மாவும் மௌத்து. கவர்மெண்ட் தந்த ஊடு. நாலு சுவர் இரிக்கி, சரி. உள்ளுக்கு என்ன இரிக்கி?"

நான் வாயைத் திறக்க முதல் கதவுக்குப் பின்னால் நின்ற றிஸ்னா சொல்லிவிட்டாள்: "எங்கட உம்மாட வேல இரிக்கி."

அவருக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. நீங்கள் ஆஸ்பத்திரிக்குக் கடைசியாகப் போவதற்கு முன் வெட்டி, துணிப்பையில் கட்டி, என் அலுமாரியின் அடித்தட்டில் வைத்த நீலத் துண்டுகளைத்தான் அவள் சொன்னாள். அன்று இரவே பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவிழ்க்கவில்லை.

மதினி, நீங்கள் என் வீட்டுக்கு வந்த நாளை நாம் ஒருநாளும் கதைத்ததில்லை. நானே எழுதிவிடுகிறேன்.

நீங்களும் றிஸ்னாவும் சம்மாந்துறையில் ஒரு கலியாண வீட்டுக்கு முதல் நாளே போயிருந்தீர்கள். அதனால் தப்பினீர்கள். காக்கா, என் கூடப்பிறந்த அண்ணன், கடை கணக்கு இருக்கிறதென்று சாய்ந்தமருதில் உங்கள் வீட்டிலேயே நின்றுவிட்டார். காலையில் மீன் வாங்கக் கரைக்குப் போனார். கடல் வந்தது; வீடும் இல்லை, அவரும் இல்லை. நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, அந்தக் கலியாணச் சாரியோடு நீங்கள் என் படலையில் வந்து நின்றீர்கள். புருஷனின் தங்கை வீட்டில் போய் இருப்பது நம் வழக்கத்தில் இல்லாத காரியம். உங்களுக்கு அது எவ்வளவு கூச்சமாக இருந்தது என்று எனக்குத் தெரியும். எனக்கும் கூச்சமாகத்தான் இருந்தது. வாப்பா எனக்கென்று கட்டிய வீடு அது. எனக்கும், வராமலே போன ஒரு மாப்பிள்ளைக்கும் என்று ஒதுக்கிய அறை பல வருசமாகப் பூட்டித்தான் கிடந்தது. அந்த அறையைத்தான், புருஷனை இழந்தவள் வெளியே வராமல் இருக்கும் இத்தா நாட்களுக்கு, உங்களுக்குத் திறந்துகொடுத்தேன். தூசி தட்டினேன். ஒரு ஆறுதல் வார்த்தை சொன்னேனா? நினைவில்லை. கணிதப் புத்தகங்களை அறையிலிருந்து எடுத்துக்கொண்டு வெளியே வந்தது நினைவிருக்கிறது.

அதன் பிறகு அந்த வீட்டில் சமைக்கும் வாசம் இருந்தது. யாராவது யாரையாவது கூப்பிடும் சத்தம் இருந்தது. நீங்கள் இருந்த வருசங்கள் முழுதும் "மச்சி, கொஞ்சம் சீனி எடுக்கட்டா?" என்று கேட்டுத்தான் சீனி எடுத்தீர்கள். முதலில் எனக்கு எரிச்சலாக இருந்தது. பிறகு, அந்தக் கேள்வி வராத நாளில் ஏதோ குறைகிறதே என்று பாடசாலையிலிருந்து வந்ததும் தேடுவேன்.

துணி வெட்டும் மெசின் வந்த நாள் உங்களுக்கு நினைவிருக்குமே. நிவாரணத்துக்கு வந்த ஒரு வெளிநாட்டுப் பெண் அதைப் பெட்டியோடு இறக்கிவிட்டு, பெண்கள் கட்டில் விரிப்புத் தைத்து விற்கலாம் என்றார். இரும்பில் இரண்டு உருளை, பக்கத்தில் ஒரு கைபிடி. கூடவே பலகை பலகையாக அச்சுகள். பலகைக்குள் பிளேட்டைச் சதுரமாகவும் முக்கோணமாகவும் வளைத்துப் பதித்து, மேலே நுரை ஒட்டியிருந்தது. அச்சின் மேல் துணியை நாலு மடிப்பாக வைத்து, மேலே ஒரு பிளாஸ்ரிக் தட்டை மூடி, கைபிடியைச் சுற்றினால் உருளைக்குள் போய் மறுபக்கம் வரும்போது துண்டுகள் வெட்டுப்பட்டிருக்கும். கத்தரிக்கோலால் ஒரு நாள் வெட்டுகிற வேலை, தேத்தண்ணி ஆறுவதற்குள் முடியும்.

தையல் தெரிந்தவர் என்று சொறிக்கல்முனையிலிருந்து வந்த ரஞ்சிதம் அதைச் சுற்றி ஒரு தரம் நடந்து பார்த்தாள். "இது கரும்பு பிழியிற மெசின் எலுவா?" என்றாள். நீங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தீர்கள். கடல் வந்த பிறகு நீங்கள் சிரித்ததை நான் பார்த்தது அன்றுதான் முதல். அதனால்தான் என் மண்டபத்தில் அந்த இரும்பை வைக்கச் சம்மதித்தேன். இல்லாவிட்டால் எனக்கு அதில் நம்பிக்கை இருக்கவில்லை. இந்த வெக்கையில் யார் இரண்டு படைத் துணி விரித்துப் படுப்பார்கள் என்று அந்தப் பெண்ணிடமே கேட்டேன். நீங்கள்தான் வழி கண்டீர்கள். நடுவில் பஞ்சு வேண்டாம், ஆம்பிளைகள் உடுத்தி வெளுத்து மெல்லிசான பழைய சாரன் வைப்போம் என்றீர்கள். மருதமுனைத் தறிகளில் மிஞ்சும் துண்டுத் துணியை மூட்டையாக வாங்கிவந்தோம். மலைநாட்டு விடுதிக்காரர் ஒருவர் எடுத்தார், கொழும்புக் கடை ஒன்று எடுத்தது. கட்டில் அளவுக்குத்தான் எல்லோரும் கேட்டார்கள். நான் கோட்டுத்தாளில் கோலம் கீறித் தந்தேன், நீங்கள் வெட்டினீர்கள், ரஞ்சிதம் தைத்தாள். என் வாழ்க்கையில் நான் வாயாடிய பிற்பகல்கள் அவை மட்டும்தான்.

அச்சில் வைக்கத் துணியை மடிக்க நமக்கு ஒரு முறை இருந்தது. விசிறி மடிப்பு. முன்னும் பின்னுமாக, ஓலை விசிறி மடிப்பது போல. நறுக்கென்று வேலை முடியும். தறித்துணிக்கு உள், வெளி என்று இல்லை. இரண்டு பக்கமும் ஒரே நிறம். அதனால் எப்படி மடித்தாலும் சரி. சதுரத்துக்கும் முக்கோணத்துக்கும் எந்தத் துணியானாலும் சரி. சங்கடம் இணைகர அச்சில்தான். நீங்கள் அதைத் "தொதல் துண்டு" என்பீர்கள், தொதல் இனிப்பை வெட்டுவது போல் சரிந்திருக்கும் என்பதால். பூ அடித்த சீத்தைத் துணியை விசிறி மடிப்பில் வைத்து அந்த அச்சில் வெட்டினால், பாதித் துண்டு வலப்பக்கம் சாயும். பாதி இடப்பக்கம் சாயும். திருப்பி வைத்தால் பூ கீழே போய் வெளிறிய முதுகு மேலே வந்துவிடும்.

அது உங்களுக்குத் தெரியாததல்ல. ரஞ்சிதம் ஒருமுறை மெத்தை உறைக்கு அப்படி வெட்டிப் பாதியைப் பழுதாக்கியபோது எவ்வளவு பகிடி பண்ணினீர்கள்! "தறித்துணிக்கு முதுகும் முகம்தான் ரஞ்சிதம். பூத்துணிக்கு முகம் வேற, முதுகு வேற. முகத்தப் பாத்து அடுக்கு புள்ள, மாப்புள பாக்கிற மாதிரி" என்று. அன்றிலிருந்து பூத்துணியைத் தனித்தனியாக வெட்டி, எல்லாம் ஒரே பக்கம் பார்க்க அடுக்கி வைத்தோம்.

அப்படியிருக்க, அந்த நீலத் துணியை ஏன் மதினி?

காக்காவின் துணிக்கடை கல்முனைப் பசாரில் இருந்ததால் தண்ணீர் படவில்லை. கூட்டாளி கணக்கு முடித்தபோது ஒரு சுருள் துணியை உங்களிடம் கொடுத்தார். நீலத்தில் சின்னச் சின்ன இலை. "உங்கட காக்கா ஆசப்பட்டு எடுத்து, ஒரு முழங்கூட விக்காமக் கிடந்தது இதுதான் மச்சி. நான் அப்பவே சொன்ன, இந்த நிறம் ஓடாது எண்டு" என்று சொல்லி, அதைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றீர்கள். மகளின் கட்டிலுக்கென்று வைத்தீர்கள். வருசக்கணக்கில் தொடவில்லை. உடம்பு வருத்தம் முற்றியது என்று டொக்டர் சொன்ன கிழமையில்தான் எடுத்தீர்கள். நான் பாடசாலையில், றிஸ்னா வகுப்பில், ரஞ்சிதம் வராத நாள். தனியே இருந்து வெட்டி முடித்துவிட்டீர்கள். கைபிடி சுற்றவே பலம் இருந்திருக்காது. நான் வரும்போது உருளையின் பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்திருந்தீர்கள். "முடிஞ்சி மச்சி" என்றீர்கள். அவ்வளவுதான்.

நீங்கள் ஆஸ்பத்திரி வாட்டில் கிடந்த நாட்களில் வன்னியில் சண்டை முடிந்தது. தெருவில் வெடி கொளுத்தினார்கள். நீங்கள் திடுக்கிட்டு விழித்தீர்கள். ரஞ்சிதம் அந்த நாட்களில் வேலைக்கு வரவில்லை. அவளுடைய தங்கை அங்கே அகப்பட்டிருந்தாள். நீங்கள் மருந்து மயக்கத்திலும் என்னிடம் கேட்டது "ரஞ்சிதத்திட தங்கச்சி கிடைச்சிட்டாளா?" என்றுதான். கிடைத்துவிட்டாள், மதினி. செட்டிகுளத்தில் முகாமில் இருக்கிறாள் என்று செய்தி வந்தது, நீங்கள் போன பிறகு. போன மாதம் விட்டிருக்கிறார்கள். மெலிந்திருக்கிறாள், ஆனால் நடக்கிறாள். ரஞ்சிதம் திரும்ப வேலைக்கு வந்த அன்று மெசினைத் துடைத்துவிட்டு, உங்கள் கதிரையில் உட்காராமல் நிலத்தில் உட்கார்ந்தாள்.

இனி அந்தப் பையை அவிழ்த்த நாள்.

றிஸ்னா மண்டபத்து நிலத்தில் வெள்ளைத் துணி விரித்து, துண்டுகளை ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டு போனாள். நான் கீறித் தந்த கோலத்தில் எல்லாம் ஒரே பக்கம் சாயும், மழை விழுவது போல. நான் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன்.

"மாமி, இஞ்ச வாங்களேன். இது மத்தப் பக்கம் சாயுது."

"திருப்பி வை."

"திருப்பினா முதுகு மேல வருது."

ரஞ்சிதம் இரண்டு துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தாள். பிறகு முழுவதையும் இரண்டு குவியலாகப் பிரித்தாள். வாயில் கைவைத்தபடி என்னைப் பார்த்தாள். "விசிறி மடிப்பு டீச்சர். பாதிக்குப் பாதி."

றிஸ்னா துண்டுகளை மறுபடி கையில் எடுத்தாள். ஒரு வரி வலம், ஒரு வரி இடம் என்று மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாள். நாலு வரி வைத்திருப்பாள். மூவரும் ஒன்றாகத்தான் கண்டோம். நீலம் நெளிந்து நெளிந்து, வரிக்குப் பின் வரியாக ஏறி வந்தது.

"கடல்," என்றாள் றிஸ்னா. "இதுக்கு மேல நான் எப்பிடி மாமி படுக்கிற?"

ரஞ்சிதம் குனிந்து எல்லாவற்றையும் வாரி எடுத்துவிட்டாள்.

ஒரு பாதியை மட்டும் வைத்துத் தைக்கலாம் என்றேன். தொட்டில் அளவுக்குத்தான் காணும் என்றாள் ரஞ்சிதம். அதே துணி தேடிக் கல்முனைப் பசாரில் ஏறாத கடையில்லை. அப்படி ஒரு துணியை யாரும் கண்டதாகச் சொல்லவில்லை. காக்காவின் ரசனை அப்படி. கடைசியில் நான், வழக்கம் போல, புத்தியான ஒன்றைச் சொன்னேன்: "நல்ல விரிப்பு ஒன்று வாங்கிப் போடுவோம் மகள். வருகிறவர்களுக்கு என்ன தெரியும்?"

"நான் சொல்லிட்டன் மாமி," என்றாள். குரல் உயரவில்லை, உங்கள் குரல் மாதிரியே இருந்தது. "உள்ளுக்கு என்ன இரிக்கி எண்டு கேட்டாங்க. உம்மாட வேல இரிக்கி எண்டு சொல்லிட்டன். கடையில வாங்கினதப் போட்டா, அப்ப அந்த ஊட்டுக்குள்ள உம்மாட எண்டு என்ன இரிக்கி? ஒண்டும் இல்லத்தானே?"

உண்மையில் ஒன்றும் இல்லை, மதினி. ஒரு படம் இல்லை, ஒரு பாத்திரம் இல்லை. கடல் எதையும் விடவில்லை. உங்கள் உடுப்பெல்லாம் வழக்கப்படி கொடுத்துவிட்டோம். மிஞ்சியது அந்தப் பை.

பிறகு நான் கோட்டுத்தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்த ஆறுதல் அது ஒன்றுதான். எத்தனையோ விதமாகக் கீறினேன். எப்படிக் கீறினாலும் அலை வந்தது. கிழித்துப் போட்ட தாளில் ஒன்று பாதியாக மடிந்து கிடந்தது. அதைப் பார்த்துத்தான் தோன்றியது: கலக்கக் கூடாது. வலம் சாய்வதெல்லாம் கட்டிலின் ஒரு பாதி, இடம் சாய்வதெல்லாம் மறு பாதி. நடுவில் தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை ஒரு வெள்ளைக் கோடு. நிலத்தில் அடுக்கினோம். றிஸ்னா கதிரையில் ஏறி நின்று பார்த்தாள்.

"தென்னோலை," என்றாள். கழுத்தை நீட்டிப் பார்த்து, "ஓம் மாமி, தென்னோலைதான். ஈர்க்கும் இரிக்கி நடுவுல." அப்படியே கதிரையில் நின்றுகொண்டே அழுதாள். நான் கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இடையில் வைக்க வெள்ளைத் துண்டுகள் வேண்டியிருந்தன. மருதமுனை வெள்ளை எடுத்து, அதே அச்சில், விசிறி மடிப்பிலேயே வெட்டினோம், அதற்குத்தான் முதுகில்லையே. இந்த முறை நான் கைபிடி சுற்றினேன். எவ்வளவு கடினம் மதினி அது! நீங்கள் அந்த உடம்போடு எப்படிச் சுற்றினீர்கள்? பிளாஸ்ரிக் தட்டு வளைந்துபோயிருந்தது; நீங்கள் செய்வது போல ஒவ்வொரு தடவையும் திருப்பிப் போட்டேன். சரிந்த ஓரம் இழுபடும் என்று தெரியாமல் நான் இஸ்திரிக்கைப் பெட்டியை இழுத்துத் தேய்க்க, ரஞ்சிதம் கத்தினாள்: "தேய்க்காதீங்க டீச்சர், அமத்துங்க! கரும்பலகையா அழிக்கிறீங்க?" பாடசாலையில் என்னிடம் இப்படி யாரும் கதைத்ததில்லை. நான் அமத்தினேன்.

தைக்கும்போதுதான் வாதம் தொடங்கியது.

"நல்லா யோசிச்சுத்தான் ஹாஜராக்கா வெட்டியிருக்கிறா," என்றாள் ரஞ்சிதம், தையல் மெசினை மிதித்துக்கொண்டே. "ரெண்டு பேர் படுக்கிற கட்டில். ஒரு பக்கம் அவருக்கு, ஒரு பக்கம் இவளுக்கு. இல்லாட்டி எப்பிடி டீச்சர் சரிபாதி வரும்?"

"விசிறி மடிப்பில் எப்பவும் சரிபாதிதான் வரும் ரஞ்சிதம். அது சாட்சி இல்லை."

"உங்களுக்கு எல்லாத்துக்கும் சாட்சி வேணும். சாமி கும்பிடக்குள்ளயும் கேப்பீங்களோ?"

"நான் சாமி கும்பிடுற இல்ல. தொழுற."

"அப்ப தொழக்குள்ள கேளுங்க," என்றாள். றிஸ்னா நூலைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். நீங்கள் போன பிறகு அந்த மண்டபத்தில் சிரிப்புக் கேட்டது அன்றுதான்.

நான் இரண்டு பக்கமும் யோசித்துப் பார்த்தேன். நீங்கள் நோயாளி. தறித்துணிக்குப் பழகிய கை, தன்பாட்டில் விசிறியாக மடித்திருக்கும். இதுதான் நடந்திருக்க வேண்டும் என்று என் புத்தி சொல்கிறது. ஆனால் அந்தத் தவறைப் பார்த்து எல்லோரையும்விடச் சிரித்தவர் நீங்கள். முகம் பார்க்காமல் பூத்துணியை அடுக்குகிற ஆள் நீங்கள் இல்லை. அதுவும் அந்தத் துணியை. அன்று "முடிஞ்சி மச்சி" என்றபோது உங்கள் முகத்தில் களைப்பு இருந்தது; வேறு ஏதும் இருந்ததா? நான் உற்றுப் பார்க்கவில்லை. உங்களைத் தூக்கிவிடுவதில் இருந்தேன்.

றிஸ்னா தெரிந்தேதான் என்று முடிவு செய்துவிட்டாள். நான் மறுக்கவில்லை, ஆமோதிக்கவும் இல்லை. அவளுக்குப் பொய் சொல்ல வேண்டிய தேவை இல்லை. தவறென்றாலும், அந்த உடம்போடு கைபிடியைச் சுற்றியது தவறுதலாக நடந்ததல்ல. அது போதும் எனக்கு.

நேற்றுப் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு வீட்டுத்திட்டத்துக்குக் கொண்டுபோய் விரித்தோம். சம்மாந்துறை ஆசாரி செய்த கட்டில், புது வார்னிஷ் மணம். நாலு பக்கமும் ஒரே அளவாகத் தொங்கியது. நான் அளவுநாடா வைத்துப் பார்த்தேன். நீங்கள் இருந்தால் பகிடி பண்ணியிருப்பீர்கள்.

மதினி, உங்களுக்கு நன்றி சொல்ல நான் பழகவில்லை. பூட்டிக் கிடந்த அறையைத் திறக்க வைத்ததற்கு, என் மண்டபத்தில் அந்தச் சத்தத்தைக் கொண்டு வந்ததற்கு, ரஞ்சிதத்தை எனக்குத் தந்ததற்கு, இந்தப் பிள்ளையை என் கையில் விட்டுப் போனதற்கு. மற்றவர்கள் சொல்கிறார்கள், நான் உங்களுக்கு இடம் கொடுத்தேன் என்று. நடந்தது அதுவல்ல. இதை உங்களிடம் ஒருமுறையாவது சொல்லியிருக்கலாம். இப்போது எல்லோர் முன்னும் சொல்கிறேன்.

ஒரு வாக்குத் தருகிறேன். அந்த வீடு உங்களுடையது, பிறகு உங்கள் மகளுடையது. வளர்த்த மாமி என்ற உரிமையில் அங்கே நான் அதிகாரம் பண்ண மாட்டேன். விருந்தாளியாகத்தான் போவேன். கதவைத் தட்டித்தான் போவேன்.

இப்படிக்கு,
உங்கள் புருஷனின் தங்கை
மர்ழியா

மறுநாள், பொழுது சாய்ந்து மஃரிப் தொழுத பிறகு எழுதுவது:

வந்தார்கள். ஒரு வேன் நிறையப் பெண்கள். பகல் லுஹர் தொழுதுவிட்டுப் புறப்பட்டார்களாம். மாப்பிள்ளையின் உம்மா முன் அறையைப் பார்த்தார், குசினியைப் பார்த்தார், தண்ணீர்க் குழாயைத் திறந்து மூடினார். பிறகு கட்டில் இருந்த அறைக்குள் போனார். நாங்கள் மூவரும் வாசலில் நின்றோம். றிஸ்னா என் விரல்களைப் பிடித்திருந்தாள்.

விரிப்பின் ஒரு மூலையைத் தூக்கி, அடிப்பக்கத் தையலைப் பார்த்தார். நடுக்கோட்டில் விரலை வைத்துக் கால்மாடு வரை இழுத்துக்கொண்டு போனார்.

"ஆரு செஞ்ச?"

"உம்மா வெட்டின. நாங்க தச்ச," என்றாள் றிஸ்னா.

"மௌத்தான உம்மாவா?"

"ஓம் மாமி."

அவர் விரிப்பின் மூலையை நேராக்கி விட்டார். பிறகு கட்டில் விளிம்பில் உட்கார்ந்து முழங்காலைத் தடவினார். "வேனுக்குள்ள மடக்கி வெச்ச கால் மகள். கொஞ்சம் சரியட்டா?" என்றார்.

"படுங்க மாமி."

முந்தானையைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொண்டு சரிந்தார். நாங்கள் வட்டிலப்பம் வெட்டித் தட்டில் வைத்துக்கொண்டு வந்தபோது குறட்டை கேட்டது. அவருடைய தங்கச்சி எழுப்பப் போனார். றிஸ்னா வேண்டாம் என்று கையைக் காட்டினாள். பெண்கள் எல்லோரும் குசினியில் நெருங்கி உட்கார்ந்து குசுகுசுவென்று கதைத்தார்கள். "ஊடு பாக்க வந்தவ கனவு பாக்கிறா" என்று ரஞ்சிதம் என் காதில் சொன்னாள். நான் வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தேன்.

அஸர் பாங்குக்குத்தான் எழும்பினார். கன்னத்தில் தையல் கோடு பதிந்திருந்தது. வெட்கப்பட்டார் போலிருந்தது, தண்ணீர் கேட்டுக் குடித்தார். வட்டிலப்பம் இரண்டு தட்டுச் சாப்பிட்டார். வேனில் ஏறி உட்கார்ந்த பிறகு ஜன்னலால் றிஸ்னாவைக் கூப்பிட்டார்.

"உங்கட உம்மாட ஊட்டில நல்ல காத்து மகள். நான் பகல்ல உறங்குற ஆள் இல்ல, கேட்டுப் பாருங்க இவங்கள்ட்ட. அடுத்த முற வரக்குள்ள ஒரு தலகணி வைங்க."

வேன் போன பிறகு மூன்று பேரும் உள்ளே போய்க் கட்டிலைப் பார்த்தோம். நாலு பக்கமும் அளவுநாடா வைத்துப் பார்த்த நானும், இரவிரவாகத் தைத்த அவர்களும், தலையணை வைக்க அடியோடு மறந்திருந்தோம். இரண்டும் இன்னும் என் வீட்டில், தையல் மெசினுக்குப் பின்னால், உறை போடாமல் கிடக்கின்றன.